கைப்பிடிச் சுவர் இல்லாத வீடு



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘அன்றாட வாழ்வில் தேவ கட்டளைக்குக் கீழ்ப்படிதல்’. தலைப்பைக் கேட்டதுமே பலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. தெரிந்த பாடந்தானே! ஞாயிறு பள்ளியில் படித்தது, திடப்படுத்தலுக்கு முன்னால் ஐயரிடம் ஒப்பித்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்துக் கட்டளையையும் சொல்லிவிடுவோம். எண்ணிக்கையில் மட்டும் நமக்குள் சின்ன வேறுபாடு உண்டு. கொலை கூடாது என்பது லுத்தரன்காரருக்கும் கத்தோலிக்கருக்கும் ஐந்தாம் கட்டளை, சி.எஸ்.ஐ. வீட்டுக்கோ பெந்தெகொஸ்தே வீட்டுக்கோ போனால் அதுவே ஆறாம் கட்டளை. எத்தனையாவது என்பதில் சண்டை இருந்தாலும், கூடாது என்பதில் எல்லோரும் ஒன்று. அதுவரைக்கும் சந்தோஷம்.

ஆனால் கட்டளையை நாம் எப்படிக் கைக்கொள்கிறோம்? பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு டிக் போடுகிறோம். கொலையா? செய்யவில்லை. களவா? செய்யவில்லை. பொய்ச்சாட்சியா? கோர்ட் வாசற்படியே மிதித்ததில்லை. முடிந்தது கணக்கு. ஒருவர் கண்ணை மூடிவிட்டால் அடக்க ஆராதனையில் நின்று என்ன சொல்லிப் புகழ்கிறோம்? “தானுண்டு தன் வேலையுண்டு என்று வாழ்ந்தவர், யார் வம்புக்கும் போகாதவர்.” நானும் அப்படிப் பலரைப் புகழ்ந்து பேசக் கேட்டிருக்கிறேன். இன்று நான் பேச வந்திருப்பது அந்தப் புகழ்ச்சியைப் பற்றித்தான். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவன் தேவனுடைய கட்டளையைக் கைக்கொண்டவன்தானா?

உபாகமம் 22ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பெரிய பிரசங்கங்களில் அடிபடாத ஒரு சின்னக் கட்டளை அங்கே இருக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, யாராவது அங்கிருந்து விழுந்து செத்தால், அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். இதுதான் கட்டளை. கொத்தனாருக்குச் சொல்ல வேண்டிய சங்கதி, வேதாகமத்துக்குள் என்ன செய்கிறது?

நம் ஊர் மாடிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தளம் போடும்போதே பணம் தீர்ந்துவிடுகிறது. பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். தூண் கம்பிகள் நாலு மூலையிலும் துருப்பிடித்து நிற்கும். மல்லாட்டை அங்கேதான் காயும், மிளகாய் அங்கேதான் காயும், லீவு நாளில் பிள்ளைகள் அங்கேதான் பட்டம் விடும். பட்டத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகரும் பிள்ளைக்கு மாடியின் ஓரம் எங்கே தெரியப்போகிறது? விழுந்துவிட்டால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? “நான் தள்ளிவிடவில்லையே!” உண்மைதான், அவர் தள்ளவில்லை. சட்டம்கூட அவரை விட்டுவிடலாம். ஆனால் உபாகமம் விடவில்லை. நீ தள்ளினாயா என்று கேட்கவில்லை. நீ சுவர் கட்டினாயா என்று கேட்கிறது.

மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் இதே கேள்வியைத்தான் கையில் எடுக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழில் தந்தார். தென்னாற்காட்டுக்கு வந்த டேனிஷ் மிஷன்காரர்களும், அந்த வேரில் முளைத்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் நம் தாத்தா பாட்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அதில் கொலைக் கட்டளைக்கு விளக்கம் எப்படிப் போகிறது? அயலானின் உடம்புக்குத் தீங்கு செய்யாதே என்பது ஒரு பாதி. அவனுக்கு உடலளவில் வரும் எல்லா ஆபத்திலும் கைகொடுத்து உதவு என்பது மறுபாதி. நாம் முதல் பாதியை ஒப்பித்துப் பரிசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். மறுபாதி என்ன ஆயிற்று?

நம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் போய்க் கேளுங்கள்.

2024 ஜூன் 18, 19. அந்த நாட்களை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வயிற்றைப் பிரட்டியது, வாந்தி வந்தது, கண் மங்கியது. முதல் சாவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களே அந்தச் சாராயத்தைக் குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இடம் போதவில்லை. சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ் ஓடியது. செத்தவர்கள் அறுபதுக்கும் மேல். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல். தாயையும் தகப்பனையும் சேர்த்துப் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. நாடே நம் ஊர்ப் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டது; 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனபோது கிடைக்காத புகழ், ஐந்தே வருடத்தில் இப்படிக் கிடைத்தது!

காய்ச்சியவன் யார், கலந்தவன் யார், விற்றவன் யார் என்பதை விசாரிக்க ஆணையம் வந்தது, சி.பி.ஐ. வந்தது. அது அவர்கள் வேலை. நான் இங்கே வேறொரு விசாரணை நடத்துகிறேன். அந்தச் சாராயம் விற்ற இடம் காடல்ல, மலையல்ல; காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பக்கத்தில். அந்தத் தெருவில் பாக்கெட் கைமாறுவது ஊரில் யாருக்குத் தெரியாது? பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும். ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைக்குத் தெரியும். நமக்குத் தெரியாதா? தெரியும் அல்லவா? கேட்டால் என்ன சொன்னோம்? நான் காய்ச்சவில்லையே! நான் விற்கவில்லையே! நான் குடிக்கிறவனும் இல்லையே! தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்தோம். மாடியில் சுவர் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டைத் தாண்டித்தான் போனோம், வந்தோம். லேவியராகமம் 19ஆம் அதிகாரம் அயலானின் இரத்தம் சிந்தப்படும்போது சும்மா நிற்பதையே குற்றம் என்கிறது. சும்மா நின்றதற்குச் சி.பி.ஐ. சம்மன் அனுப்பாது. லேவியராகமம் அனுப்பியிருக்கிறது.

இந்த இடத்தில் மலைக்காரச் சகோதரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜூன் 19க்குப் பிறகு இந்த ஊரில் எல்லோர் விரலும் கல்வராயன் மலையை நோக்கித்தான் நீண்டது. மலையில் ஊறல் போடுவதும் காய்ச்சுவதும் பொய்யில்லை. போலீஸ் பேரல் பேரலாகக் கொட்டி அழித்திருக்கிறது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது மலையில் எந்தக் கல் அடுப்பிலும் காய்ச்சப்படுவதில்லை. தொழிற்சாலைச் சரக்கு, கீழ்நாட்டிலிருந்து வந்தது. அயலானைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்றும் ஒரு கட்டளை இருக்கிறது, மறந்துவிட வேண்டாம்.

குடியை எப்படி நிறுத்துவது? அபராதம் போட்டு நிறுத்தலாமா? பிரான்சிஸ் சவேரியார் போட்டுப் பார்த்தார். 1544இல் முத்துக்குளித்துறையில், குடிக்கிற பெண்களுக்கு அபராதம், சிறை என்று உத்தரவு எழுதினார். சட்டம் போட்டு நிறுத்தலாமா? ராஜாஜி போட்டுப் பார்த்தார். 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலில் அமலானது எங்கே தெரியுமா? நமக்கு அடுத்த வீடான சேலம் மாவட்டத்தில்! சின்னசேலத்தில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம். அந்தச் சட்டம் வளர்ந்து 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்ந்தது, இன்று அரசாங்கமே கடை நடத்துகிறது. சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும், இன்னும் கடுமையாகவே வேண்டும். ஆனால் ஆட்சி மாறும்போது சட்டம் மாறும். ஆட்சி மாறினாலும் மாறாத ஒரு கூட்டத்தைப் பற்றி இப்போது சொல்லப் போகிறேன்.

எரேமியா 35ஆம் அதிகாரம். ரேகாபியர் என்றொரு கூட்டம். ஊருக்குள் இருப்பவர்கள் அல்ல. கூடாரம் போட்டுக்கொண்டு ஆடு மாடுகளோடு அலைகிறவர்கள். இன்றைக்கு இருந்தால் தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருப்பார்கள்! நேபுகாத்நேச்சாரின் சேனைக்குப் பயந்து எருசலேமுக்குள் வந்து தங்கியிருக்கிறார்கள். எரேமியா அவர்களைக் கூப்பிடுகிறார். எங்கே? ஆலயத்துக்குள்ளே, ஓர் அறைக்கு. குடம் நிறையத் திராட்சரசம், பக்கத்தில் கிண்ணங்கள். தீர்க்கதரிசியே முன்னால் நின்று, குடியுங்கள் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். கொடுப்பவர் தீர்க்கதரிசி. இடம் தேவாலயம். வந்திருப்பவர்கள் அகதிகள், விருந்தாளிகள். மறுத்தால் மரியாதைக் குறைவு. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “ஐயரே ஊற்றும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?” ரேகாபியர் சொன்னார்கள்: எங்கள் தகப்பனாகிய யோனதாப் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், நாங்கள் தொட மாட்டோம். யார் அந்த யோனதாப்? யெகூ ராஜாவின் காலத்து மனிதன். செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது! இருநூறு வருடம் முன்னால் செத்துப்போன ஒரு மனிதனின் வாய்ச்சொல்லை, தகப்பன் பிள்ளைக்கும் பிள்ளை பேரனுக்கும் கைமாற்றிக் கைமாற்றி, கூடாரத்துக்குக் கூடாரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். போலீஸ் கிடையாது, அபராதம் கிடையாது. ராச்சோற்றுக்கு உட்கார்ந்த இடத்தில் சொல்லிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

கர்த்தர் இதை வைத்து எருசலேமைக் கேட்கிறார். ஒரு மனிதன் சொன்னதை இவர்கள் கைக்கொண்டார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லியும் நீங்கள் கேட்கவில்லையே! அந்த அதிகாரம் மதுவைப் பற்றியதல்ல என்று சில அறிஞர்கள் சொல்வார்கள். சரிதான், கீழ்ப்படிதலைப் பற்றியது. ஆனால் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து படிக்கும்போது மதுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் படிக்க முடியுமா?

உங்களையே கேட்கிறேன். டிசம்பர் 25 காலை ஆராதனை முடிந்து, பிரியாணி முடிந்து, சாயங்காலம் நம் வீட்டுக் கொல்லையில் மைத்துனர்மார் சேர்ந்து என்ன செய்கிறார்கள்? கல்யாணத்துக்கு ஓலை வாசித்து, மோதிரம் மாற்றி, ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடித்த பிறகு மண்டபத்துக்குப் பின்னால் நிற்கிற காரின் டிக்கியில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. யோனதாப் தன் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனான், நாம் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம்?

இங்கே ஒரு தம்பி எழுந்து கேட்கலாம்: “ஐயா, நாம் கிருபையினால் அல்லவா இரட்சிக்கப்படுகிறோம்? கட்டளை கட்டளை என்கிறீர்களே!” நல்ல கேள்வி. யாத்திராகமம் 20ஐத் திறந்து பாருங்கள். முதல் கட்டளைக்கு முன்னால் கர்த்தர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்: அடிமை வீட்டிலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்தவர் நான் என்கிறார். அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பத்தையும் ஒழுங்காகச் செய்யுங்கள், விடுதலை தருகிறேன் என்று பேரம் பேசவில்லை. முதலில் விடுதலை, பிறகுதான் கட்டளை. விடுதலையான ஜனம் மறுபடி ஒருவரையொருவர் அடிமையாக்கிவிடக் கூடாது என்பதற்குத்தான் கட்டளை.

அடிமைத்தனம் என்றதும் எகிப்துக்கே போய்விட வேண்டாம். கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்துத்தான் சுதந்திரம் அந்த மலைப்பாதையில் ஏறி முடித்தது. ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த கதையைச் சொல்லும் பெரியவர்கள் மலைக் கிராமங்களில் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். எத்தனை வருடம் ஆகிவிட்டது! ஒழிந்ததா?

சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் மலை. வருடம் முழுக்க வயிறு நிரப்பாது. ஆகவே ஆணும் பெண்ணும் இறங்கி வருகிறார்கள். கரும்பு வெட்ட, செங்கல் அறுக்க, கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கு. இன்னும் சிலர், ஆந்திரத்தில் செம்மரம் வெட்ட. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் இருபது தமிழ்க் கூலிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதற்குப் பிறகும் போகிறார்கள் என்றால் வீட்டில் அடுப்பு எந்த நிலையில் இருக்கும்? இவர்களை அழைத்துப்போகிற மேஸ்திரியிடம் ஒரு நோட்டு இருக்கும். முன்பணம் இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு, பஸ் சார்ஜ் இவ்வளவு. எல்லாம் மேஸ்திரி கையெழுத்து. வேலை முடிந்து கணக்குப் பார்க்கும்போது பாக்கி எப்போதும் கூலிக்காரன் பக்கம்தான் நிற்கும். படிக்கத் தெரியாதவன் தலையாட்டிவிட்டு அடுத்த வருடத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டுப் போவான்.

நம்மில் மேஸ்திரிகள் உண்டு. நம்மில் கரும்புக்காரர்கள் உண்டு, ரைஸ்மில் வைத்திருப்பவர்கள் உண்டு. “களவு செய்யாதே” என்பது யாருக்கு? பீரோவை உடைக்கிறவனுக்கு மட்டுமா? உபாகமம் 24, கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது. அவன் அதை நம்பி அடுப்பு மூட்டுகிறவன் என்று காரணமும் சொல்கிறது. யாக்கோபு தம் நிருபத்தில், பிடித்து வைத்த கூலியே வாய் திறந்து கர்த்தரிடம் கூக்குரலிடும் என்கிறார். தராசைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருப்பதைப் பற்றி உபாகமம் 25 பேசுகிறது. வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள், விளக்கம் தேவைப்படாது.

கடைசியாக ஒன்று. சொல்லக் கசப்பானது, சொல்லாமல் போனால் இவ்வளவு நேரம் பேசியதும் வீண். நம் மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைப் பக்கம், எறையூர். பழைய கத்தோலிக்க விசுவாசிகளின் ஊர். 2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, அதுவும் தவக்காலம். அன்று அங்கே கிறிஸ்தவனுக்கும் கிறிஸ்தவனுக்கும் நடுவில் கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர் போயிற்று. எதற்காக? தலித் கிறிஸ்தவர்கள் கேட்டது சொத்தா, பதவியா? பொதுத்தெரு வழியே தங்கள் சவத்தை எடுத்துப்போக, கோவிலில் மற்றவர்களோடு சமமாக நிற்க. ஒரே ஜெபமாலை, ஒரே நற்கருணை, ஆனால் வேறு வேறு பாதை! எறையூரைச் சொல்லி லுத்தரன்காரரும் பெந்தெகொஸ்தேகாரரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் கோடு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போகும்போது ஜாதகம் கேட்பதில்லை என்று மெச்சிக்கொள்கிறோம், ஆனால் ‘நம்மவங்களா?’ என்று கேட்காமல் எந்த வீட்டில் நுழைகிறோம்? யாக்கோபு இரண்டாம் அதிகாரம், மோதிரம் போட்டவனுக்கு நாற்காலியும் ஏழைக்குத் தரையும் காட்டுகிற சபையைச் சாடுகிறது. அவர் காலத்தில் சாதி இல்லை. இருந்திருந்தால் அந்த நிருபம் இன்னும் எத்தனை அதிகாரம் நீண்டிருக்குமோ!

இங்கேயும் நம் பதில் அதேதான். நான் அடிக்கவில்லையே! நான் தடுக்கவில்லையே! நான் பிறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பாதை அப்படித்தானே! ஆம் ஐயா, வீடு உங்கள் தாத்தா கட்டியது. இப்போது குடியிருப்பது நீங்கள். சுவர் எழுப்ப வேண்டியது தாத்தாவா?

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வழி சொல்லியிருக்கிறார். காணிக்கையோடு பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது, உன்மேல் உன் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, ஒப்புரவாகிவிட்டு வா. வருகிற ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை உங்கள் வரிசைக்கு வரும். கரும்பு வெட்டியவனுக்குக் கூலி பாக்கி என்று அந்த நேரத்தில் நினைவு வந்தால், பையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போங்கள். கச்சிராயபாளையம் பஸ் கிடைத்தால் பஸ்ஸில், இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறுங்கள். மேஸ்திரியிடம் கொடுக்காமல் அந்த மனிதன் கையிலேயே கொடுங்கள்; நோட்டை அவன் மகளிடம் காட்டுங்கள், பள்ளிக்கூடம் போகிற பெண் படித்துச் சொல்லட்டும். ஆராதனை நடுவில் எழுந்து போனால் ஐயர் கோபித்துக்கொள்வாரே என்று பயப்படாதீர்கள். கோபித்துக்கொண்டால், திரும்பி வந்த பிறகு அந்த அதிகாரத்தை எடுத்து அவரிடம் காட்டலாம்.